என்னை மீனா என்று கூப்பிட்ட ஊர்

அப்பாவுக்கு ஓர் ஊர் உண்டு என்பதே எனக்கு மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில்தான் தெரிந்தது. அதுவரை நாங்கள் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் மாதா கோயில் பக்கத்துத் தெருவிலேயே முளைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு உறவுக்காரர்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் வழியில் நான்கு மாமாக்களிடமாவது நின்று பேச வேண்டியிருக்கும். அப்பா அப்போதெல்லாம் சற்றுத் தள்ளி, செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பார். உங்களுக்கு யாருமே இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "எல்லாரும் இருக்காங்க" என்றார். எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பா ஒரு புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்குகிற புகையிலையைத் தரம் பிரித்து எடை போடுகிற வேலை. வருஷாவருஷம் அந்த வண்டிகளோடு பெரியப்பாவின் வண்டியும் வரும் என்பதும், பெரியப்பா தன் தம்பியின் தராசைத் தாண்டிப் போய் வேறொருவர் தராசில்தான் சரக்கை இறக்குவார் என்பதும் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக அப்பா ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

அந்தப் பங்குனியில் பெரியப்பா அப்பாவின் தராசுக்கே வந்து நின்றாராம். நிறுவை முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சித்திரைப் பௌர்ணமிக்குச் சாமி ஆற்றில் இறங்குகிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த முகத்தை நான் மறக்கவில்லை. பரீட்சையில் பாஸான பையன் முகம் அது. அம்மா தோசைக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல், "என்னையும் வரச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"சரி, போயிட்டு வாங்க."

"நீ வேண்டாம்னா போகல."

"உங்க ஊர நான் எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்?" என்றாள் அம்மா. தோசையைத் திருப்பிப் போட்டாள். அது ஏற்கெனவே ஒரு தடவை திருப்பிப்போட்ட தோசை.

அம்மா ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எதையும் மூன்று தடவை சொல்லிக்கொடுக்கிற பொறுமை அவளுக்கு உண்டு. வீட்டில் மட்டும் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள். புறப்படுகிற அன்று காலையில் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிவந்து, வாழைச்சருகில் சுற்றி, அப்பா கையில் கொடுத்தாள். அந்த வீட்டுக்கு என்று அம்மா கொடுத்தனுப்பியது அது ஒன்றுதான்.

கரூர் ரோட்டில் போகிற பஸ்ஸில் போய், கைகாட்டி ஒன்றில் இறங்கி, வெயிலில் ஒரு மைல் நடந்தோம். ஊர் நெருங்க நெருங்க அப்பாவின் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. திண்டுக்கல்லில் "அவ்வளவு" என்று பேசுகிறவர் இங்கே "அம்புட்டு" என்றார். எதிரே ஆடு பற்றிக்கொண்டு வந்த ஒருவரை நிறுத்தி, அவருடைய கிடாய் அய்யலூர்ச் சந்தைக்குப் போகிறதா என்று விசாரித்தார். ஆடு வாங்கும் யோசனை எதுவும் எங்களுக்கு இல்லை. அந்தப் பேச்சுப் பேசிப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்திருக்கிறது.

பெரியப்பாவின் வீடு ஊர்க் கடைசியில் கிணற்றுக்காட்டை ஒட்டி இருந்தது. வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்கு அக்கா, புருஷன் செத்தபிறகு பெரியப்பா வீட்டிலேயே இருந்தவர். அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா அப்பு, வந்துட்டியா அப்பு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து பேர் என்ன என்று கேட்டார். பிலோமினா என்றேன். அத்தை அதைச் சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் நிற்கவில்லை.

"அம்புட்டு நீளம் எதுக்குத் தாயி? இங்க இருக்கிற வரைக்கும் மீனானு வச்சுக்கிருவோம்."

என் பேரில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. மீனா என்பது எங்கள் வகுப்பிலேயே அழகான பெண்ணின் பேர். அத்தை என் நெற்றியில் சாந்துப் பொட்டு வைத்தார். கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார். என் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்திருந்த மாதா சுரூபத்தை மெதுவாகக் கழற்றி, "தொலைஞ்சு போயிரும், நான் வச்சிருக்கேன்" என்று தன் முந்தானை முனையில் முடிந்துகொண்டார். அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாழைப்பழச் சீப்பைப் பெரியம்மா வாங்கி உரலுக்குப் பின்னால் வைத்தார். மறுநாள் நாங்கள் புறப்படும்போதும் அது அங்கேயே இருந்தது, எறும்பு மொய்த்து.

சாப்பிட்டதும் அப்பா என்னை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடகனாறு என்று பெரிதாகச் சொல்லிக் கூட்டிப் போனாரே ஒழிய, அங்கே ஆறு இல்லை. கரைக்குக் கரை வெள்ளை மணல். அந்த மணலுக்கு நடுவே இருபது முப்பது பேர் மண்வெட்டியோடு நின்று பெரிய பள்ளம் ஒன்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பெருமாள் இறங்குவதற்கு ஆற்றில் தண்ணீர் வேண்டும், ஆறு கொடுக்காது, ஆகவே ஊற்றுத் தோண்டிச் சாமியின் குதிரைக்குக் கால் நனைகிற அளவுக்காவது தேக்கிவைப்பார்கள். பள்ளத்தைச் சுற்றி வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வயசான ஒருவர் மண்வெட்டியை ஊன்றி அப்பாவை உற்றுப் பார்த்தார். "ஏலே, நீ சின்னவன்ல?" என்றார். அவ்வளவுதான். அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளத்துக்குள் குதித்துவிட்டார். மணலை வாரி வாரி வெளியே எறிந்தார். யாரோ பழைய கதை ஒன்றைச் சொல்ல, அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்பா புன்னகை செய்வார். அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பள்ளத்தின் அடியில் மணல் கறுத்து, கசிந்து, உள்ளங்கையளவு தண்ணீர் ஊறியது. அதை அள்ளிக்கொண்டு வந்து என் வாயில் ஊற்றினார். "எங்க ஊர்த் தண்ணி" என்றார். மண் வாசனையும் லேசான உப்பும். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஒரு வயசான அம்மாள், அவருடைய மகன், மகள். மகளுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பாக இருந்தது. சிரிப்பு வரும்போதெல்லாம் புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டார். அந்தக் காலத்துக் கணக்கில் கல்யாண வயசைத் தாண்டிய பெண் என்பது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு அவர் ஒரு அக்கா, அவ்வளவுதான். என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, என் பாவாடையில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அப்பா வந்தவர்களோடு கலகலப்பாகப் பேசினார். மழையைப் பற்றி, மிளகாய் விலையைப் பற்றி, பழைய ஆள்களைப் பற்றி. உறவுக்காரர்கள் தன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு அவர்கள் போனார்கள்.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் பெரியப்பா அப்பாவை வைக்கோல் போர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் போருக்கு மறுபுறம் கன்றுக்குட்டிக்கு வைக்கோல் உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் பார்க்கவில்லை.

"பொண்ணப் பாத்தேல்ல?" என்றார் பெரியப்பா.

"எந்தப் பொண்ணு?"

"இப்ப வந்துட்டுப் போனாகளே. நம்ம காட்டுக்கு அடுத்த காடு. தங்கமான பிள்ள. அவுகளுக்குச் சம்மதம்."

வைக்கோல் சரசரத்தது. பிறகு அப்பாவின் குரல் கேட்டது. "அவ இருக்காளேண்ணே."

"யாருக்கு இருக்கா? உனக்கு இருக்கா. நமக்கு இல்ல. காய்ச்சல்ல போயிட்டானு அவுககிட்டச் சொல்லியிருக்கு. நீ எதுவும் பேச வேணாம், கம்முனு இருந்தாப் போதும்."

"பிள்ள?"

"பிள்ள நம்ம பிள்ள. மீனானு வளந்துட்டுப் போகுது. அய்யா உன் பேரச் சொல்லித்தாண்டா உசுர விட்டாரு. கிணத்துக்காட்டுல பாதி உனக்குனு சொல்லிட்டுப் போயிருக்காரு. நாளைக்குச் சாமி எறங்கட்டும். தோப்புலயே வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம்."

எனக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் அம்மாவை எல்லோரும் டீச்சர் என்றே சொல்லிக் கேட்டுப் பழகியவள் நான். 'அவ' என்றால் வேறு யாரோ. காய்ச்சலில் செத்துப்போன யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து, அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் பாவப்படவும் செய்தேன். கன்றுக்குட்டி என் கையை நக்கியது. அந்தச் சொரசொரப்பில் மிச்சப் பேச்சை விட்டுவிட்டேன்.

பெரியப்பா போனபிறகும் அப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு வைத்து, அத்தை வந்து கூப்பிட்டதும் எழுந்து வந்தார். கம்பஞ்சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும். அப்பாவுக்கு அது பிடிக்கும் என்று அத்தையே ஆக்கியது. அத்தை பரிமாறிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். "இன்னும் செத்த வையி அக்கா" என்று ஒரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலையில் ஊரே கொட்டும் மேளமுமாக இருந்தது. பெரியப்பா புது வேட்டியும் துண்டும் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா உடுத்திக்கொண்டார். பெரியப்பாவே திருமண்ணைக் குழைத்து அப்பாவின் நெற்றியில் நாமம் போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா தூணில் மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். வெகு நேரம் நின்றார். நான் சிரித்தது அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது.

ஆற்றங்கரைப் புளியந்தோப்பில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்தார்கள். பானக்கப் பந்தலில் குடத்தோடு கூட்டம் மோதியது. சாமிவேஷம் கட்டியவர்கள் தோல்பையில் தண்ணீர் நிரப்பி எல்லார் மேலும் பீய்ச்சினார்கள். அந்த அக்காவும் அவருடைய ஆள்களும் எங்களுக்குப் பக்கத்து மரத்தடியில் இருந்தார்கள். அவர் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தார். பெட்டி மடிப்பு இன்னும் கலையாத சேலை. தோப்பில் இருந்த பெண்கள் அவரைப் பார்ப்பதும், அப்பாவைப் பார்ப்பதும், தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்வதுமாக இருந்தார்கள். அவர் எதையும் பார்க்காதவர்போலத் தலையைக் குனிந்திருந்தார். ஆனால் சந்தோஷமாக இருந்தார். குழந்தைகளுக்கு அது தெரிந்துவிடும்.

தண்ணீர் பட்டு என் தலை கலைந்துவிட்டது. "வா பாப்பா, சீவிவிடுறேன்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரவேரில் உட்கார்ந்தார். மிளகாய் பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்களால் சிக்கெடுத்தார்; ஆனால் வலிக்கவில்லை. அம்மா சீவும்போது வலிக்கும். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும்.

"எம்புட்டு முடி உனக்கு" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆத்தா போனதுக்கப்புறம் யாரு சீவிவிடுறா?" என்று கேட்டார்.

"எங்க போனதுக்கப்புறம்?"

"பாவம்" என்றார் அவர். என் தலையைத் தடவினார்.

"அம்மா எங்கயும் போகல அக்கா. வீட்லதான் இருக்காங்க. நாளைக்கு அம்மாதான் சீவுவாங்க."

அவருடைய கை நின்றது. நான் தலையைத் திருப்பப் பார்த்தேன். விடவில்லை.

"எந்த வீட்ல?"

"எங்க வீட்ல. மேட்டுப்பட்டியில."

"அப்பாவும் அங்கதான் இருக்காகளா?"

"ஆமா. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போவாங்க, அப்பா கிட்டங்கிக்குப் போவாங்க."

நின்ற கை மறுபடியும் நடந்தது. பின்னலைப் பாதியில் விடவில்லை. கடைசிவரை பின்னி, ரிப்பன் கட்டி, தன் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை முழுசாகக் கழற்றி என் பின்னலில் சுற்றினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அந்த நேரம்தான் பெருமாள் ஆற்றில் இறங்குகிற நேரம். தோப்பில் இருந்த கூட்டமெல்லாம் எழுந்து ஆற்றைப் பார்த்து ஓடியது. கற்பூரம் எரிகிற சர்க்கரைச் சொம்புகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கூட்டத்துக்குக் குறுக்கே, இடி வாங்கிக்கொண்டு நடந்தோம். கரை மேட்டில் பெரியப்பாவும் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்காவின் அண்ணனும் அவர்கள் பக்கத்தில் இருந்தார். அவர் கையில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை.

அக்கா அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்தப் பிள்ளையோட ஆத்தா உசுரோட இருக்காகளா?"

பெரியப்பா முந்திக்கொண்டார். "சின்னப்பிள்ள ஏதாவது உளறியிருக்கும். நீ போய்ச் சாமியப் பாரு தாயி."

"நான் உங்களக் கேக்கல மாமா. இவுகளக் கேக்குறேன்."

கீழே ஆற்றில் "கோவிந்தா" என்று ஒரு பெருஞ்சத்தம் எழுந்தது. அப்பா தோண்டிய அந்தப் பள்ளத்துத் தண்ணீரில் சாமி இறங்கிவிட்டார். அப்பா ஆற்றைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவருடைய உதடு அசைந்தது.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"இருக்கா."

அக்காவின் அண்ணன் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டுப் பெரியப்பாவின் மேல்துண்டைப் பிடித்தார். யார் யாரோ ஓடிவந்து விலக்கினார்கள். அந்த அமளியில் அக்கா மட்டும் குரலை உயர்த்தாமல் பேசினார். அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"எங்ககிட்ட என்ன சொல்லியிருந்தாகனு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அப்பா புதுத் துண்டின் நுனியை விரலில் சுற்றினார்.

"நேத்தே தெரியும்ல? நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா, இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு ஊருக்கு முன்னாடி வந்து நின்னுருக்க மாட்டேன்ல."

என் கையை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். "பிள்ளைய அதோட ஆத்தாகிட்டக் கொண்டுபோய் விடுங்க" என்றார். வாயை மறைத்துக்கொள்ளாமல், முகத்தை மூடிக்கொள்ளாமல், எல்லோரும் பார்க்க நடந்து போனார். அத்தனை பேருக்கும் வழி விடத் தோன்றியது. நான் "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சட்டையையும் பையையும் எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டோம். பெரியம்மா உள்ளேயிருந்து வரவில்லை. ஊர்ப் பாதையில் போனால் ஆள்களைத் தாண்டிப் போக வேண்டும் என்று அப்பா ஆற்றின் மேல்பக்கமாகப் போய் மணலில் இறங்கினார். உச்சி வெயில். மணல் கொதித்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் காலில் செருப்பு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. அவர் ஓடவில்லை, நிதானமாகத்தான் நடந்தார்.

பாதி ஆற்றில் பின்னாலிருந்து அத்தை கத்திக்கொண்டு வந்தார். மூச்சு வாங்க வந்து, முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, சுரூபத்தை எடுத்து என் கழுத்தில் கட்டினார். முந்தானையை எச்சிலால் நனைத்து என் பொட்டைத் துடைத்தார். வளையலைக் கழற்றவில்லை.

"நீயாவது என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்றார் அப்பா.

"சொன்னா நீ வந்திருக்க மாட்டியே அப்பு. உன்னையப் பாக்கணும்ல எனக்கு" என்றார் அத்தை. அழுதார். "அண்ணன் இருக்குற வரைக்கும் இனிமே இங்க வந்துறாத. கொன்னே போட்டுருவாக."

அப்பா அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. பெரியப்பா செத்த செய்தி வந்தபோதும் போகவில்லை. அந்த அக்காவைப் பற்றி வெகு காலம் கழித்து ஒருவர் மூலமாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு சம்பந்தமும் அந்தத் தோப்புக் கதையைக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். கடைசியில் நத்தம் பக்கம் ஒரு புளி வியாபாரிக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்களாம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஊருக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

அன்று திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா ஒரு குழாயடிக்குப் போனார். நெற்றியைக் கழுவினார். நாமம் வியர்வையில் ஏற்கெனவே பாதி கலைந்திருந்தது. மிச்சத்தைத் துண்டால் அழுத்தித் தேய்த்தார். போனபிறகும் தேய்த்தார். வீட்டுக்கு வந்தபோது நெற்றி செக்கச் செவேலென்று இருந்தது. அம்மா கதவைத் திறந்தாள். அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள். என் கை வளையலைப் பார்த்தாள். "நாளைக்குத்தான் வருவீங்கனு நெனச்சேன்" என்றாள். அப்பா குளிக்க வேண்டும் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அம்மா என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு பின்னலை அவிழ்த்தாள். வாடிய மல்லிகையைக் கசக்காமல் எடுத்துத் தட்டில் வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மீனா என்ற பேர், கன்றுக்குட்டி, ஊற்றுத் தண்ணீர், காய்ச்சலில் செத்துப்போன யாரோ ஒரு பெண், முள் எடுத்த அக்கா, அவர் அப்பாவிடம் கேட்டது, அப்பா சொன்னது, எல்லாம். சொல்லச் சொல்ல அம்மாவின் கை சீப்போடு போய்ப் போய் வந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முழுக்கச் சொல்லி முடித்தபிறகு, அம்மா பள்ளிக்கூடத்தில் கேட்கிற மாதிரி நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பெரியப்பா அப்பாவத் தனியாக் கூட்டிட்டுப் போய்ப் பேசுனது எப்ப?"

"நேத்துச் சாயங்காலம்."

"இருட்டிருச்சா?"

"இல்லம்மா. வெளக்கு வைக்கிறதுக்கு முந்தி."

"அதுக்கப்புறம் திண்டுக்கல்லுக்கு பஸ் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நாங்க சாப்பிடக் கை கழுவுறப்ப ரோட்டுல ஒண்ணு போச்சு. வெளிச்சம் தெரிஞ்சுச்சு."

அம்மா "சரி" என்றாள். ஏன் அந்த பஸ்ஸில் ஏறி வரவில்லை என்ற கேள்வியை அவள் அப்பாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒரே வீட்டில், சண்டை சச்சரவில்லாமல், ஒருவருக்கொருவர் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அந்தச் சாயங்காலத்துக்கும் மறுநாள் மத்தியானத்துக்கும் நடுவில் அப்பா என்ன நினைத்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்று இப்போது நான் யோசிப்பதுண்டு.

அன்றைக்கு எனக்கு அப்படி எந்த யோசனையும் இல்லை. நேற்றே பஸ் ஏறாமல் போனதால் நாங்கள் சிரமப்பட்டிருப்போம் என்று அம்மா வருத்தப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆகவே அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "ஒண்ணும் கஷ்டமில்லம்மா, அப்பாவுக்கு அங்க ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்று ஆறுதல் சொன்னேன். அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சரியானதைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.